ஒரு கரண்டி கடல் சேற்றிலிருந்து பழைய பருவக்காற்றைப் படிப்பது எப்படி?

அரபிக்கடலின் அடியிலிருந்து எடுத்த சேற்றைச் சல்லடையில் கழுவிக் காயவைத்தால், மிஞ்சுவது வெள்ளை ரவை மாதிரி கொஞ்சம் பொடி. விரலில் தேய்த்தால் மணல் போல நறநறக்கும். மைக்ரோஸ்கோப்பில் முப்பது மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும், அதில் மணல் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் கூடுகள். நாலைந்து உருண்டைகளை ஒட்டவைத்தது போல் சில, தட்டையாக வடை போல் சில, ஒன்றிரண்டு கச்சிதமான கோலிக்குண்டு.

இவற்றைக் கட்டியவை ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் உயிரிகள். ஆய்வகத்தில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, ஃபோராம் என்பதோடு சரி. இவற்றில் ஒரு பிரிவு கடலின் மேல்மட்டத்தில் மிதந்து வாழ்கிறது. பெரும்பாலான இனங்களுக்குச் சில வாரங்களிலேயே ஆயுள் முடிந்துவிடும். கூடு மட்டும் அடியில் விழுந்து சேற்றோடு சேரும். எந்த இனத்துக்கு எந்த நீர் ஒத்துவரும் என்பதை இன்றைய கடலிலேயே பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் சேற்றில் மேலிருந்து கீழே, எந்தக் கூடு எத்தனை என்று எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான்.

இந்தத் துறையில் புதிதாகக் கால் வைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவிகள் தரும் எண்களிடம் போவதற்கு முன் ஆறு மாதமாவது பிரஷ்ஷும் கையுமாக உட்காருங்கள். கூட்டைப் பார்த்துப் பழகாதவர்களை ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) வரைபடம் சுலபமாக ஏமாற்றிவிடும்.

எந்தப் பிளாங்டன்?

கூடு விட்டுப்போகும் மிதவை உயிரிகள் பல உண்டு. டயாட்டமும் ரேடியோலேரியாவும் கண்ணாடிபோன்ற சிலிக்காவில் கூடு கட்டும். கோக்கோலித்து என்பது ஒருவகைப் பாசியின் சுண்ணாம்புத் தகடு. சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று ஒரு மைக்ரான்) இருக்கும், இங்கிலாந்தின் டோவர் கடற்கரையில் நிற்கும் வெள்ளைப் பாறைகள் பெரும்பாலும் அதனால் ஆனவை. புதியவர்களுக்கு நான் சொல்வது ஃபோராம்தான். அளவு வசதி: பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிலிருந்து பாதி வரை. சாதாரண ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் போதும், ஒவ்வொன்றாகப் பிரஷ்ஷில் எடுக்கலாம், எடுத்ததையே பிறகு வேதிச் சோதனைக்கும் அனுப்பலாம்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

'பண்டைய இந்தியப் பெருங்கடலின் சூழல்' என்று தலைப்பு எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இரண்டாம் வருடத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு இடம், ஒரு இனம், ஒரு கேள்வி என்று ஆரம்பியுங்கள். எனக்குப் பிடித்த உதாரணம் ஓமன் கரை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரையை ஒட்டி ஓங்கி அடிக்கிறது. அது மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அடியிலிருக்கும் குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. அப்போது அங்கே கொழிக்கும் ஒரு ஃபோராம், குளோபிஜெரினா புல்லாய்டஸ். இதன் சொந்த ஊர் வெப்பமண்டலம் இல்லை, குளிர்ந்த மிதவெப்பக் கடல்கள். வெப்பமண்டலத்தில் இது கூட்டமாகத் தென்பட்டால், அங்கே அடிநீர் மேலே வருகிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். கடலுக்குள் புனல் போன்ற பொறிகளைத் தொங்கவிட்டு, விழும் துகள்களை மாதாமாதம் பிடித்துப் பார்த்தார்கள். 1986 முதல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து அரபிக்கடலில் செய்த வேலை இது. பருவக்காற்று மாதங்களில் துகள் மழை பெருகுவது அதில் தெளிவாகத் தெரிந்தது.

இதை வைத்துக் கடந்த காலத்துக்குப் போனதில் ஒன்று அனில் குப்தா, டேவிட் ஆண்டர்சன், ஜோனதன் ஓவர்பெக் மூவரும் 2003ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு. 1987ல் ஓமன் கரையோரம் துளையிட்ட 723ஆம் எண் தளத்தின் சேற்றில் புல்லாய்டஸ் சதவீதத்தை எண்ணினார்கள். இன்றைய வெப்பக் காலத்தின் தொடக்கத்தில், அதாவது பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னை ஒட்டி, காற்று பலமாக இருந்திருக்கிறது. அப்போது வடகோளத்துக் கோடையில் சூரிய ஒளி இன்றைவிட அதிகம். வட அட்லாண்டிக்கில் குளிர் தலைதூக்கிய காலங்களில் இங்கே பருவக்காற்று தளர்ந்திருக்கிறது. இத்தனைக்கும் ஆதாரம் எண்ணிக்கைதான்.

ஒன்றைக் கவனியுங்கள். புல்லாய்டஸ் சொல்வது காற்றைப் பற்றி, மழையைப் பற்றி அல்ல. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே போகும், ஆனால் ஒன்றே இல்லை. ஆய்வேட்டில் 'மழை கூடியது' என்று எழுதிவிட்டு வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சேறு எங்கே கிடைக்கும்?

கப்பல் இல்லாமலும் கிடைக்கும். சர்வதேசத் துளையிடல் திட்டங்களில் எடுத்த மண் உருளைகள் மூன்று களஞ்சியங்களில் இருக்கின்றன: ஜெர்மனியின் பிரெமன், அமெரிக்காவின் டெக்சாஸ், ஜப்பானின் கோச்சி. இந்தியப் பெருங்கடல் உருளைகளுக்குக் கோச்சியைத்தான் கேட்க வேண்டும். நம்ம கொச்சி இல்லை; பெயர்க் குழப்பத்தில் கேரளாவுக்கு டிக்கெட் பார்த்த மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும். வழிகாட்டியின் பெயரோடு, எந்தத் தளம், எந்த ஆழம், எத்தனை கன சென்டிமீட்டர், எதற்கு என்று தெளிவாக விண்ணப்பியுங்கள்.

கைப்பழக்கத்துக்கு இரண்டு இடம் போதும். ஒன்று கடற்கரை மணல். அதில் மிதவை இனங்கள் அபூர்வம், தரையில் வாழும் இனங்கள்தான் கிடைக்கும். பிரஷ் பிடிக்க அது போதும். (மன்னார் வளைகுடாவின் தேசியப் பூங்காத் தீவுகளில் கைவைக்காதீர்கள்.) இன்னொன்று பெரம்பலூர் மாவட்டத்தின் காரை. அங்கே வரிவரியாக அரித்துக்கிடக்கும் களிமண் மேடுகள் கிரிடேசியஸ் காலத்துக் கடலடி. வயது சுமார் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல். அழிந்துபோன ரோட்டாலிபோரா போன்ற மிதவை ஃபோராம்கள் அங்கே உண்டு. ஊரில் கேட்டுக்கொண்டு, மேல்மண்ணை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தெரியும் களிமண் ஒரு கைப்பிடி எடுத்தால் போதும். மிதவை இனம் எத்தனை, தரைவாழ் இனம் எத்தனை என்ற விகிதத்தை அதில் போட்டுப் பாருங்கள். கரையோரத்தில் மிதவை குறைவாகவும், ஆழம் கூடக்கூட அதிகமாகவும் இருக்கும். பெரம்பலூர் அன்று எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம்.

கழுவுதல்

பாதித் தவறுகள் நடக்கும் இடம் இது.

சேற்றை உலர்த்தி எடை போடுங்கள். பத்து கிராம் தாராளம். ஒரு பீக்கரில் போட்டு, தண்ணீர் ஊற்றி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். கடல் சேறு பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். காரைக் களிமண் மாதிரி பிடிவாதமாக இருந்தால் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் சிறிது சேர்க்கலாம். எதைப் போட்டாலும் சரி, அமிலம் பக்கமே போகாதீர்கள், கூடு சுண்ணாம்பு.

காலையில் 63 மைக்ரான் சல்லடையில் ஊற்றுங்கள். கடையில் 230 மெஷ் என்று கேட்டால் புரியும். மெல்லிய பூவாளி நீரில், சல்லடையின் அடியிலிருந்து வடியும் தண்ணீர் தெளிவாகும்வரை கழுவ வேண்டும். விரலால் தேய்க்கத் தோன்றும். தேய்த்தால் மெல்லிய கூடுகள் நொறுங்கும், தடித்தவை மட்டும் மிஞ்சும், உங்கள் சதவீதம் அங்கேயே பொய்யாகிவிடும். குழாய்த் தண்ணீரே போதும். காய்ச்சி வடித்த நீர் லேசாக அமிலத்தன்மை உள்ளது, அதில் நெடுநேரம் ஊறவைக்கக் கூடாது. ஆனால் போர் தண்ணீராக இருந்தால் காய்ந்தபின் கூடுகள்மேல் உப்புப் படியும், அதனால் கடைசியாக ஒரு முறை மட்டும் வடித்த நீரில் வேகமாக அலசிவிடுங்கள். 50 டிகிரிக்குள் ஓவனில் உலர்த்தி, மறுபடி எடை போட்டு, குப்பியில் போட்டு, குப்பிமேலேயே தளம், ஆழம், தேதி எழுதுங்கள். மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் மாறும்.

இனி சல்லடையைச் சுத்தம் செய்யும் விஷயம். என் முதல் வருடத்தில் நடந்தது இது. சில ஆயிரம் ஆண்டு வயதுள்ள ஒரு வங்காள விரிகுடா மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கூடுகளுக்கு நடுவே ரோஜாப்பூ நிறத்தில் ஒன்று. குளோபிஜெரினாய்டஸ் ரூபர் என்ற இனத்தின் இளஞ்சிவப்பு வகை. பெரிய கண்டுபிடிப்பு என்று வழிகாட்டியிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "உனக்கு முன்னாடி சல்லடையில் யார் கழுவினது?" என்று மட்டும் கேட்டார். இளஞ்சிவப்பு ரூபர் அட்லாண்டிக்கில் இன்றும் வாழ்கிறது; இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. எனக்கு முன் கழுவியவர் அதைவிடப் பழைய சேற்றோடு வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய கூடு ஒன்று வலைக்கண்ணில் சிக்கியிருந்து, என் மாதிரியில் இறங்கியிருக்கிறது. நிறம் இருந்ததால் அந்த ஒன்று தெரிந்தது. வெள்ளையாக எத்தனை இறங்கினவோ.

அதற்கு மலிவான வைத்தியம் மெத்திலீன் நீலம். வண்ணமீன் கடையில் கிடைக்கும் அதே மருந்துதான். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் சல்லடையைத் தேய்த்துக் கழுவி, இந்த நீலக் கரைசலில் முக்கி எடுங்கள். வலைக்கண்ணில் ஏதாவது மாட்டியிருந்தால் நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் நீலக் கூடு தென்பட்டால் அது விருந்தாளி, எண்ணாமல் ஒதுக்கலாம்.

பொறுக்குதல்

உலர்ந்த பொடியை 150 மைக்ரான் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். இதற்குக் கீழே குஞ்சுக் கூடுகள் அதிகம், இனம் பிரிப்பது சிரமம். உலகம் முழுக்க ஏறத்தாழ இதே அளவில்தான் எண்ணுகிறார்கள். உங்கள் எண்களை மற்றவர்களுடையதோடு ஒப்பிட இந்த ஒழுங்கு அவசியம். பொடி நிறைய இருந்தால் பிரிப்பான் கருவியில் பாதி, கால், அரைக்கால் என்று பிரித்து, ஏறத்தாழ 300 கூடுகள் வரும் பங்கு கிடைத்ததும் நிறுத்துங்கள். கரண்டியால் அள்ளி எடுத்தால் பெரிய கூடுகள் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

பிறகு கறுப்புத் தட்டில் தூவுங்கள். தூவும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள். மே மாதம் என்றாலும் நிறுத்துங்கள். ஒரு தும்மலில் பன்னிரண்டாயிரம் ஆண்டு பறந்துபோனதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். மூன்று பூஜ்ய எண் பிரஷ்ஷின் நுனியை நீரில் நனைத்து, டிஷ்யூவில் ஒற்றி, கூட்டின்மேல் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். ஈரம் அதிகமானால் கூடு பிரஷ்ஷுக்குள் ஏறிக்கொண்டு இறங்காது. பழைய ஆட்கள் நாக்கில் நனைப்பார்கள்; அதை மட்டும் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டாம். எடுத்ததை அறுபது கட்டம் போட்ட ஸ்லைடில், இனத்துக்கு ஒரு கட்டமாக வையுங்கள்.

அடையாளம் காண நூறு பெயர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வெப்பக் கடலில் ஏழெட்டு இனங்களே பெரும்பகுதியை நிரப்பிவிடும்.

ஆர்புலினா: முழு உருண்டை. குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். மெனார்டியை: பெரிதாக, தட்டையாக, ஓரத்தில் கட்டை விளிம்போடு இருக்கும். சாக்குலிஃபெர்: வளர்ந்த கூடுகள் பலவற்றில் கடைசி அறை தொங்கும் பை போல இருக்கும். இவை மூன்றும் ஒரே நாளில் கைவந்துவிடும்.

தகராறு ரூபருக்கும் புல்லாய்டஸுக்கும் இடையில்தான் வரும், அதுவும் ரூபர் சின்னதாக இருக்கும்போது. இரண்டும் உருண்டை அறைகள். முதலில் கடைசிச் சுற்றில் எத்தனை அறை என்று எண்ணுங்கள்: ரூபருக்கு மூன்று, புல்லாய்டஸுக்கு நான்கு. சந்தேகமாக இருந்தால் பிரஷ்ஷால் மெல்லப் புரட்டுங்கள். புல்லாய்டஸின் வாய் ஒரு பக்கத்தின் நடுவில் உதடில்லாமல் அகலத் திறந்திருக்கும், கொட்டாவி விடுவது போல. ரூபருக்கு ஒரு வாய் போக, மறுபக்கத்திலும் இரண்டு சின்ன ஓட்டைகள் தெரியும். அந்த ஓட்டைகளைப் பார்த்த பிறகே ரூபர் கட்டத்தில் வையுங்கள். படம் வேண்டுமென்றால் மைக்ரோடாக்ஸ் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. ஆனால் ஒரு படத்தோடு ஒப்பிடாமல், அதே இனத்தின் இருபது படத்தைப் பாருங்கள்.

ஏன் 300?

ஒரு மாதிரியில் புல்லாய்டஸ் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 கூடு எண்ணியிருந்தால் உண்மை மதிப்பு 12க்கும் 28க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 300 எண்ணினால் அந்த இடைவெளி 15.5க்கும் 24.5க்கும் நடுவில் சுருங்கும். 1,000 எண்ணினால் இன்னும் சுருங்கும், ஆனால் அந்த நேரத்தில் இன்னும் இரண்டு ஆழங்களை எண்ணியிருக்கலாம். 18 சதவீதம் 21 ஆனதும் பருவக்காற்று ஓங்கியது என்று கதை கட்டும் முன் இந்தக் கணக்கை ஒரு முறை பாருங்கள்.

நம்புவதற்கு முன் இரண்டு சோதனை

முதலாவது, கூடு கரைந்திருக்கிறதா? ஆழமான குளிர்ந்த நீர் சுண்ணாம்பைக் கரைக்கும். பசிபிக்கில் ஏறத்தாழ நான்கரை கிலோமீட்டருக்குக் கீழேயும், அட்லாண்டிக்கில் ஐந்துக்குக் கீழேயும் சேற்றில் சுண்ணாம்புக் கூடு அநேகமாக இருக்காது. அந்தக் கோட்டுக்கு மேலேயே கரைதல் தொடங்கிவிடும்: ரூபர் போன்ற மெல்லியவை முதலில் போகும், மெனார்டியை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதனால் எண்ணும்போதே உடைந்த துண்டுகளுக்கும் ஒரு பத்தி போடுங்கள். துண்டுகள் கூடும் ஆழத்தில் மெனார்டியையும் கூடினால், மாறியது மேல்கடல் அல்ல, கரைதல்.

இரண்டாவது புழுக்கள். கடலடிப் புழுக்கள் மேல் பத்து சென்டிமீட்டர் வரை சேற்றைக் கிளறுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் படியும் நடுக்கடலில் அது ஐயாயிரம் ஆண்டுக் கலவை. நூறு ஆண்டு மாற்றத்தைத் தேடுகிறவருக்கு அந்தச் சேறு உதவாது. வேகமாகப் படியும் கண்டச் சரிவுகளை எல்லாரும் தேடிப் போவது இதனால்தான்.

வயது

கடந்த ஐம்பதாயிரம் ஆண்டுக்குள் என்றால் அதே ஃபோராம் கூடுகளில் சில மில்லிகிராம் பொறுக்கி, கதிரியக்கக் கார்பனை வைத்து வயதைக் கணிக்கும் ரேடியோகார்பன் சோதனைக்கு அனுப்பலாம். கடல்நீரின் கார்பன் காற்றோடு ஒப்பிட்டால் ஏற்கெனவே பழையது. உயிரோடு இருக்கும் ஃபோராமே சராசரியாக 400 ஆண்டு வயதானது போலக் காட்டும். அடிநீர் மேலே வரும் ஓமன் போன்ற இடங்களில் இன்னும் கூடும். இந்தத் திருத்தம் செய்யாத தேதியை வரைபடத்தில் போடாதீர்கள்.

ஐசோடோப்பு

இதற்கு 250 முதல் 355 மைக்ரான் அளவுள்ள வெள்ளை ரூபர் இருபது முப்பது பொறுக்கினால் போதும். அளவை ஏன் குறுக்க வேண்டும் என்றால், சின்னக் கூடும் பெரிய கூடும் ஒரே நீரிலேயே வேறு வேறு மதிப்பு காட்டும்.

தத்துவம் இது. குளிர்ந்த நீரில் கட்டிய கூட்டில் கனமான ஆக்சிஜன்-18 சற்று அதிகம். ஒரு டிகிரி குளிர்ந்தால் ஆயிரத்தில் ஏறத்தாழ 0.22 பங்கு கூடும். 1955ல் செசாரே எமிலியானி இதைக் கொண்டு பனியுகங்களின் வெப்பநிலையை வரைந்தார். ஆனால் லேசான ஆக்சிஜன்-16 முதலில் ஆவியாகிப் போய்த் துருவப் பனியில் சிறைப்படுவதால், பனியுகத்தில் கடல் முழுவதும் கனமாகிவிடுகிறது. அந்த வரைபடத்தில் பெரும்பங்கு வெப்பநிலை அல்ல, பனியின் அளவு என்று 1967ல் நிக்கோலஸ் ஷேக்கிள்டன் காட்டினார். அவர் பார்த்தது ஆழ்கடல் தரையில் வாழ்ந்த ஃபோராம்களை. அங்கே நீர் ஏற்கெனவே உறைநிலையை ஒட்டியது, இன்னும் பெரிதாகக் குளிர இடமில்லை. இருந்தும் அவையும் கிட்டத்தட்ட அதே அளவு மாறியிருந்தன. பின்னர் 1976ல் ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் மூவரும் தெற்கு இந்தியப் பெருங்கடலின் இரண்டு உருளைகளை வைத்துத்தான் பனியுகங்கள் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களோடு தாளம் போடுவதை நிறுவினார்கள்.

வங்காள விரிகுடாவில் மூன்றாவது சிக்கல் ஒன்று உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் லேசானது. வெள்ளம் பெருகிய காலத்து ரூபர், கடல் சூடானது போலவே மதிப்பைக் குறைத்துக் காட்டும். அதனால் அதே கூடுகளில் மக்னீசியத்தையும் அளக்கிறார்கள்; ஒரு டிகிரிக்குச் சுமார் 9 சதவீதம் கூடுவதால் வெப்பநிலை தனியாகக் கிடைத்துவிடும். அதையும் பனியின் பங்கையும் கழித்தால் மிஞ்சுவது ஆற்றுநீரின் கணக்கு. கூட்டுக்குள் களிமண் ஒட்டியிருந்தால் மக்னீசியம் கன்னாபின்னாவென்று ஏறும். எனவே அனுப்பும் முன் ஒவ்வொரு கூட்டையும் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் வைத்து மெல்ல நசுக்கி, அறைகளைத் திறந்து, மெத்தனாலில் சில நொடி அல்ட்ராசோனிக் குலுக்கல் கொடுக்க வேண்டும். நசுக்குவது என்றால் விரிசல் விடும் அளவுக்கு மட்டும். மாவாக்கிவிட்டால் பொறுக்கும் வேலையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

எண்ணி முடித்த ஸ்லைடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் பத்து ஸ்லைடு முடிந்ததும் அதில் ஒன்றை யாரையாவது விட்டுப் பெயரை மறைத்து எடுத்துத் தரச் சொல்லி, ஒரு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். என் முதல் மறு எண்ணிக்கையில் 61 புல்லாய்டஸ் 48 ஆனது. பதின்மூன்றும் சின்ன ரூபர்கள். முதல் முறை அவற்றைப் புரட்டிப் பார்க்கவில்லை.